முதல் துண்டு

"உப்பு கொஞ்சம் தூக்கல்டி" என்று மீன் மசாலாவைத் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிட்டு, சுற்றுலா பஸ்களுக்குக் கைகாட்டப் போனான் பிலோமினாவின் கணவன் சவேரி. அப்போதுதான் கடல் ஊருக்குள் வந்தது; போனவன் திரும்பவில்லை. அதன்பின் கடற்கரைக் கடைகளில் யாரும் மீன் பொரிக்கவில்லை, நூடுல்ஸ்தான். பஸ்கள் நிற்காமல் போயின. இன்று பிலோமினா மறுபடி மீன்சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"நம்ம ஆளுகளத் தின்ன மீனு. எவ வாயில வைப்பா?" என்றாள் பக்கத்துக் கடை ரெஜினா.

"பஸ்ஸுல வர்றவனுக்கு நூடுல்ஸு அவன் ஊருலயே கெடைக்குமேக்கா. இங்க எதுக்கு வருவான்?"

வாசனைக்கு ஒரு பஸ் நின்றது. "சாப்பிடலாமாம்மா?" என்று தயங்கினார் இறங்கி வந்தவர். ரெஜினாவும் எட்டிப் பார்த்தாள். பிலோமினா முதல் துண்டைப் பிய்த்து, கண்ணை மூடி, தன் வாயில் வைத்தாள்.

உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.