முப்பத்திரண்டாவது ஜோடி

லெனின்கிராடில் எங்கள் பாலே அரங்கின் காலணி அறை என் பொறுப்பு. தேய்ந்த ஜோடியைக் கூடையில் போட்டால்தான் புது ஜோடி கிடைக்கும். இருபது வருஷமாக யாருக்காகவும் நான் அந்த விதியைத் தளர்த்தியதில்லை.

வரிசையில் ஆடும் பெண்கள் முப்பத்தொரு பேர். அந்தத் திங்கட்கிழமை கூடையில் முப்பத்திரண்டு ஜோடி இருந்தன. கூடுதல் ஜோடியின் அடியில் தாயிஸா என்று மையால் எழுதியிருந்தது. ரிப்பன் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது; அப்படித் தைப்பவள் அவள் ஒருத்திதான். போன வருஷம் வெளிநாட்டுக்கு ஆடப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவள்.

அவளுக்குப் பக்கத்தில் ஆடிய ரிம்மாதான் ஒரு ஜோடி கூடுதலாகப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். புகார் கொடுத்தால் அவள் வேலை போய்விடும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று அன்றைய ஆட்டத்தின்போது மேடை ஓரத்தில் நின்றேன். ரிம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

இடைவேளையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி இவ்ளோ எடம் விட்டு நிக்கிறே? வரிசை பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

ரிம்மா மேடையில் வழுக்காமலிருக்கப் பிசின் தூளில் காலைத் தேய்த்தபடியே சொன்னாள்: "நான் என்னக்கா பண்றது? நெருங்கி நின்னா அவ முழங்கை இடிக்குது."

"எவ?"

"கூடையில செருப்பைப் பாத்தீங்கல்ல?"

நான் புகார் எழுதவில்லை. பழசு வந்துவிட்டது, விதி விதிதான். புது ஜோடியை எடுத்து, இடது காலணியின் நுனியில் தாயிஸா எப்போதும் கேட்பதுபோல் கொஞ்சம் பஞ்சு கூட்டி, அலமாரியில் வைத்தேன்.

காலையில் அலமாரி காலியாக இருந்தது. என் சிவப்பு நூல்கண்டையும் காணவில்லை.