மிதிபலகையில் ஒரு கை

எட்டு மாதக் கர்ப்பிணியான அம்றா, மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகப் பலாபத்வலையில் பஸ் ஏறினாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. திறந்த கதவருகே மிதிபலகையிலேயே நின்றாள்.

ஒரு வளைவில் கம்பி அவள் கையைவிட்டு நழுவியது. வெளியே சாயப்போனவளின் முதுகை ஒரு கை தாங்கிக்கொண்டது. அதன்பின் அவள் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரியடியில் இறங்கியபோதும் முதுகில் அந்தக் கையின் சூடு இருந்தது. கண்டக்டரிடம் சொன்னாள்:

"பின்னால நின்ன ஆள் புடிக்காட்டி விழுந்திருப்பேன், தம்பி."

"பின்னால யாரு அக்கா? நீங்கதானே கடைசியா நின்னு வந்தீங்க."

பஸ் போய்விட்டது. வயிற்றில் பிள்ளை உதைத்தது. அம்றா கண் கலங்கி, வெறும் வீதியைப் பார்த்து, "ஜஸாகல்லாஹ் ஹைர்," என்று நன்றி சொன்னாள்.

முதுகிலிருந்த கை அப்போதுதான் மெல்ல விலகியது.