எல்லோருக்கும் நிலவறை மேல்தான் கண்

"இன்னிக்கும் ஒருத்தி வந்தா, ட்ரெவர். இவளும் நிலவறையைப் பத்தித்தான் கேட்கறா!"

விதைச்சோளக் கிடங்கில் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த ட்ரெவர், இன்னும் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு?"

"எதிர்வீட்டு மார்லிஸ். கையில சோளமும் சீஸும் போட்டு அடுப்புல சுட்ட கேஸரோல். 'புதுசா குடிவந்திருக்கே, சமைக்க எங்க நேரம்'னு ஒரே பாசம். உட்காரச் சொன்னா உட்காரலை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு, 'கீழ நிலவறையில சாமான் நிறைய அடைச்சுட்டீங்களோ?'ங்கறா. அடைச்சா இவளுக்கென்ன, அடைக்காட்டி இவளுக்கென்ன?"

ட்ரெவரும் ஜோஸ்லினும் கைக்குழந்தை மெய்சியோடு கலிஃபோர்னியாவை விட்டு ஐயோவாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே வாடகை கொடுத்தே ஓய்ந்துபோனவர்களுக்கு இங்கே ஒரு முழு வீடே சொந்தமாகிவிட்டது. ஊரும் தங்கமான ஊர்தான். வாசல் கதவைப் பூட்டுகிறவர்களே கிடையாது. யாராவது ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்தில் எதையாவது சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பாத்திரத்தின் அடியில் மறக்காமல் தங்கள் பெயரை ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு பாசக்காரர்களுக்கும் பாத்திரம் திரும்பி வர வேண்டுமல்லவா?

"அந்தப் பக்கத்து வீட்டு வெர்ன் இருக்காரே, நிலவறைக் கதவு இன்னும் சிக்கிக்குதான்னு கேட்டுட்டுப் போறாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தி வந்தா. வீட்டுல மொத்தம் எத்தனை பேரு, மாமியார் வந்து தங்குவாங்களா, நாய் வளர்ப்பீங்களான்னு ஒரே விசாரணை. மூணே பேருதான்னு சொன்னதும் அவ மூஞ்சியில வந்த நிம்மதியை நீ பார்த்திருக்கணும்!"

"வெளியூர்க்காரங்க கூட்டமா வந்துடுவாங்களோன்னு பயந்திருப்பா."

"அதில்ல. அந்த நிலவறையில ஏதோ நடந்திருக்கு. ஊருக்கே தெரியும், நமக்குத்தான் தெரியாது. எவனையாவது கொன்னு புதைச்சிருக்காங்களோ என்னமோ!"

ட்ரெவர் சிரித்தான். சிரித்திருக்க வேண்டாம்.

"சிரி, நல்லா சிரி! பகல் பூரா குழந்தையை வெச்சுக்கிட்டுத் தனியா கிடக்கிறது நான். மார்லிஸ்கிட்ட நேராவே கேட்டுட்டேன், 'கீழ அப்படி என்னதான் இருக்கு?'ன்னு. 'ஐயோ, ஒண்ணுமில்ல கண்ணு, உனக்கு எதுக்கு வீண் சிரமம்'னு சொல்லிட்டு ஓடியே போயிட்டா. ஒண்ணுமில்லன்னா எதுக்கு ஓடணும்? இதோ பாரு ட்ரெவர், வீட்டை வித்துடு. இல்லன்னா நானும் மெய்சியும் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறோம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகமே சொன்னது. சேர்த்து வைத்ததையெல்லாம் இந்த வீட்டில் கொட்டியிருந்தான் ட்ரெவர். வேலையும் அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனைவியும் குழந்தையும் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திங்கட்கிழமை தரகரிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் வானம் பாசி பிடித்ததுபோலப் பச்சையாகிவிட்டது. ஓர் இலைகூட அசையவில்லை. திடீரென்று ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. கைப்பேசிகளும் சேர்ந்து அலறின. சுழல்காற்று வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்!

ட்ரெவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினான். ஜோஸ்லின் படியருகே வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"வா ஜோஸ்! பேயா காத்தான்னு யோசிக்கிற நேரமா இது?"

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தியதும் மேலே வாசல் கதவு படாரென்று திறந்தது. தடதடவென்று காலடிச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை, ஒரு கும்பல்! ஜோஸ்லின் பாய்ந்து உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

"வந்துட்டாங்க ட்ரெவர்! திறக்காதே!"

கதவை இடித்தார்கள். "திறம்மா! நேரமில்ல, திற!" என்றது மார்லிஸின் குரல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது.

ட்ரெவர் மனைவியைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான்.

மார்லிஸ் வந்தாள். போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தி, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒருத்தி, நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன். அந்த இருட்டில் யாரும் ஒரு படியில்கூடத் தடுக்கி விழவில்லை. ஆளுக்கொரு மூலையில் போய்ப் பழகிய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியாக வந்த வெர்ன், கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினார். அது சிக்காமல் மூடிக்கொண்டது.

அடுத்த நிமிடம் தலைக்கு மேல் சரக்கு ரயில் போவதுபோல ஒரு சத்தம். சுவரெல்லாம் அதிர்ந்தது. எங்கோ கண்ணாடி நொறுங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்து, மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

ஜோஸ்லின் தான் போட்ட தாழ்ப்பாளை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அதைத் திறக்காமல் இருந்திருந்தால்?

"நீங்கல்லாம் அவங்கவங்க வீட்டு நிலவறைக்குப் போகாம ஏன் இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?"

"எங்க வீட்டுல ஏது கண்ணு நிலவறை?" என்றாள் மார்லிஸ், மெய்சிக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு. "இது ஆத்தோரம், ஒரு முழம் தோண்டினா தண்ணி. மேட்டுல இருக்கிறது இந்த ஒரு வீடுதான். சங்கு ஊதினா தெருவே இங்க வந்துடும். எத்தனையோ வருஷமா இப்படித்தான்."

ஜோஸ்லினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மார்லிஸ் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுல, 'நாங்க வந்து ஒதுங்கிக்கட்டுமா'ன்னு நாங்களா எப்படி வாயைத் திறந்து கேட்கிறது? நீயா ஒரு வார்த்தை 'வாங்க'ன்னு கூப்பிடுவேன்னுதானே, நீ வந்த நாள்லேருந்து இந்தத் தெருவே காத்துக்கிட்டிருக்கு!"