மணிக்கு ஐம்பது காசு

"ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுண்ணே?"

கடைக்குள் நுழைந்ததும் புஷ்பவல்லி கேட்ட முதல் கேள்வி இதுதான். பிரிக்பீல்ட்ஸில் குழாய்க்கடைக்கு வருகிறவர்கள் முதலில் குழாயைப் பற்றிப் புலம்புவார்கள். கூலியைக் கடைசியில் கேட்டு, கேட்டபின் இன்னொரு முறை புலம்புவார்கள். இவள் எடுத்த எடுப்பிலேயே கூலிக்கு வந்துவிட்டாள்.

கடைக்காரர் பாவா ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். புது முகம். முந்தானை நுனியில் காசு முடிந்திருந்தது.

"மணிக்கு அம்பது காசு, தங்கச்சி. சாமானுக்குத் தனி."

"மணி எப்போ ஆரம்பிக்குது? இங்க கிளம்பும்போதா, எங்க வீட்டு வாசல்ல கால் வைக்கும்போதா?"

இத்தனை வருட வியாபாரத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, வீட்டு வாசலில்தான் என்றார். சொன்னபிறகு, நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கே திருப்தியாக இருந்தது.

புஷ்பவல்லி அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

நாளைக்கு மகளுக்குக் காதுகுத்து. கிள்ளானிலிருந்து அண்ணன் குடும்பம் திரண்டு வருகிறது. சமையல்கட்டுக் குழாயோ தீபாவளியிலிருந்து ஒழுகுகிறது. துணியைச் சுற்றிச் சணலைப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள். தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் சுமந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. இடுப்புகூடப் பரவாயில்லை. அந்தச் சணல் கட்டை அண்ணி ஒரு பார்வை பார்த்தால் போதும், கிள்ளான் முழுக்கத் தமுக்கடித்து விடுவாள்.

"வீட்டுக்காரர் என்னதான் செய்றாரு?" என்றார் பாவா.

"தானே சரிபண்ணிடுவாராம். வெளியாளைக் கூப்பிட்டா கௌரவக் குறைச்சலாம். நாளைக்கு, நாளைக்குன்னே மூணு மாசத்தை ஓட்டிட்டாரு."

பாவாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. "சில ஆம்பளைங்க அப்படித்தான். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது. வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இருக்காது."

கடையின் பின்கட்டில் ஏதோ இரும்புச் சாமான் தடாலென்று விழுந்தது.

அங்கே மூன்று பேர் வேலையாக இருந்தார்கள். வாசுவும் சபாபதியும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்து குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்த வேலாயுதம் மட்டும் திரும்பவில்லை. விழுந்ததைத் தடவி எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

புஷ்பவல்லி அடுத்த சந்தேகத்தை எடுத்தாள். வேலைக்கு வருகிறவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியாது. அது வீட்டுக்கு அழகில்லை. ஆனால் குடிக்கிற நேரத்துக்கும் கூலி உண்டா?

பாவா தலையைச் சொறிந்தார். மணி ஓடத்தானே செய்யும் என்றார்.

"அப்போ நின்னுக்கிட்டே குடிக்கணும். குடிச்சிட்டுப் பேப்பரை விரிக்கக்கூடாது. கொஞ்ச நேரம் இடுப்பைச் சாய்க்கிறேன்னு பாயைத் தேடக்கூடாது."

பாவாவுக்கு ரோஷம் வந்தது. "என் ஆளுங்க வேலைக்குப் போன வீட்டுல பாயில படுக்கிறவங்க இல்ல, தங்கச்சி."

"அடுத்த வீட்டுல படுக்க மாட்டாங்கதான்" என்றாள் அவள் மெதுவாக. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். நேற்று இரவு வரை அழுகையாக இருந்த விஷயம் இன்று இப்படி இனிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

வாசு சும்மாதான் இருக்கிறான், இப்போதே அனுப்புகிறேன் என்றார் பாவா. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முகவாயை உயர்த்திச் சுவர் ஓரத்தைக் காட்டினாள்.

"அவருதான் வேணும்."

"யாரு, வேலாயுதமா? அவரு ரவாங்குலேருந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள பங்சார் தோட்டத்துத் துரைசாணிகூட அவரைத்தான் கேக்கறாங்க. கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிப்பாரு. மத்தியானம் அவங்க பங்களாவுக்குத்தான் போகணும்."

கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்பாராம். புஷ்பவல்லி அந்த முதுகை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் கோபம் கொஞ்சம் இருந்தது, பெருமையும் இருந்தது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, முறுக்கு விற்றுச் சேர்த்த காசிலிருந்து இரண்டு மணி நேரக் கூலியாக ஒரு முழு வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"துரைசாணி வாயாலதான் சொல்லிட்டுப் போனாங்க. நான் காசையே வெச்சுட்டேன்."

வியாபாரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பாவா வெள்ளியை எடுத்துப் பெட்டியில் போட்டார். பங்களாவுக்கு வாசு போகட்டும், வேலாயுதம் இந்தத் தங்கச்சி வீட்டுக்கு உடனே கிளம்பட்டும் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வேலாயுதம் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வாஷரும் ரெஞ்சும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் வாசலில் நிற்கிறவர், இன்று சபாபதியின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

புஷ்பவல்லி அதற்குள் கடைப்படி இறங்கி, கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பாதி தூரம் போய்விட்டாள். பாவாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வாசலுக்கு ஓடிவந்து கூவினார்.

"தங்கச்சி, வீடு எந்தப் பக்கம்னு சொல்லலியே! அவரு எப்படி வந்து சேருவாரு?"

அவள் திரும்பி நின்றாள். அடக்கிவைத்த சிரிப்பு இப்போது முகம் முழுக்க வந்துவிட்டது.

"அவருக்கு வழி தெரியும்ணே. ராத்திரிச் சோத்துக்கு ஒருநாளும் தப்பாம வந்து சேர்ந்துடறாரே!"