சொந்தப் பெயரில் ஒரு இன்டர்வியூ

போன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கோடேஸ்வர ராவ் மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தி அமீர்பேட்டையின் இரைச்சலில் பாதியையாவது வெளியே தள்ளினான்.

போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தான். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பதறுகிற ஆளா அவன்? இதே அறையில், இதே கட்டிலில் உட்கார்ந்து, அறுபத்து மூன்று பேருக்குப் பதிலாகப் போனில் இன்டர்வியூ கொடுத்து வேலை வாங்கித் தந்தவன். அத்தனையும் தத்திகள். பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவர்கள் வேலை. தும்மினால்கூட மண்டையில் குட்டுவான்.

"மூளைய ஊர்லயே வெச்சிட்டு பட்டத்த மட்டும் தூக்கிட்டு வந்துடறானுங்க" என்பான் மனைவி சுவர்ச்சலாவிடம்.

ஏழு மாத வயிற்றோடு அவள் ஒருநாள் திருப்பிக் கொடுத்தாள். "அந்தத் தத்திங்கதான் கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறாங்க. உங்கப்பா என்ன வேல பாக்குறார்னு பொறக்கப்போற புள்ளகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

சுருக்கென்று தைத்தது. அன்றோடு அந்தத் தொழிலுக்கு முழுக்குப் போட்டான். இன்று முதல் தடவையாகத் தனக்காகப் பேசப் போகிறான்.

போன் அடித்தது. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

அந்தப் பக்கம் இரண்டு பேர். பேசியது ஒரு மேடம் மட்டும். கேள்வி முடிவதற்குள் பதில் போய் விழுந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. "பிரமாதம்" என்றாள் மேடம். சுவர்ச்சலாவுக்கு முகமெல்லாம் பல்.

அப்போதுதான் இன்னொரு ஆள் தொண்டையைச் செருமினான்.

"மேடம், ஒரு நிமிஷம். இது கூலிக்குப் பேசற வாய். பேருக்குச் சொந்தக்காரன் பக்கத்துல உக்காந்திருப்பான்."

கோடேஸ்வர ராவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. யாதகிரி. அறுபத்து மூன்று பேரில் ஒருவன். நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டிலில் குட்டு வாங்கியவன். இப்போது ஆளெடுக்கிற இடத்தில் இருக்கிறான். தன் வண்டவாளம் தெரிந்தவனை அடுத்த நாற்காலியில் உட்கார வைக்க அவனுக்கென்ன பைத்தியமா?

"நாந்தான் மேடம். சத்தியமா நாந்தான் பேசறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவானுங்க மேடம்."

யாதகிரியின் குட்டை உடைக்க ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் தன் குட்டும் சேர்ந்து உடையும். அந்தத் தத்திக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன்" என்று சுவர்ச்சலா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அதற்குள் மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லவேள, நீங்க இருந்தீங்க யாதகிரி. இல்லன்னா இந்த மாதிரிப் போலிங்க எல்லாம் நம்ம ஆபீசுக்குள்ள நுழைஞ்சிருக்கும்."