ஓட்டிப் பார்க்காத மெஷின்

"எல்லாத்தையும் பாத்துக்கோ. ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதே" என்றாள் விற்பவள்.

அப்போதே டிகிரி எழுந்து போயிருக்க வேண்டும்.

பழைய மரம் அறுக்கும் மெஷினை விற்கிறவர்கள் ஓட்டிக் காட்டத்தான் துடிப்பார்கள். ஓட்டாதே என்று ஒருத்தி சொன்னால், உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். சத்தம் கேட்காமல் மெஷின் வாங்குவதும் முகம் பார்க்காமல் கழுத்தை நீட்டுவதும் ஒன்றுதான். இரண்டாவதை ஏற்கெனவே மூன்று தடவை மறுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் கெட்ட பெயர் வாங்கியிருந்தாள்.

டிகிரி என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மூன்று வருடம் தாவரவியல் படித்துவிட்டு, மற்றவர்கள் வெட்டிப்போட்ட கிளைகளை இழுத்துக் குவிக்கிறாள் என்றால் நக்கலடிக்க வேறென்ன வேண்டும்? "இந்த இலைக்கு என்ன பேரு, டிகிரி?" என்று மரத்தின் மேலிருந்து கேட்பார்கள். சொன்னாலும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டாலும் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை சொந்த மெஷினோடு வந்தால் வெட்டுகிற ஆள், இல்லையென்றால் காலத்துக்கும் கிளை பொறுக்குகிற ஆள் என்று மேஸ்திரி முடிவாகச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது ஒரே ஒரு மெஷினுக்கான பணம். இது ஓடாவிட்டால் இன்னொன்று கிடையாது.

"ஏன்க்கா ஓட்டக் கூடாது?"

விற்பவள் உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"அவர் தூங்கறாரு. மெஷின் செத்துப்போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவள் கணவர் இருபது வருடம் மரம் ஏறியவர். போன வருடம் உச்சியில் இருக்கும்போது வலிப்பு வந்துவிட்டது. இறக்குவதற்கு ஆள் வரும்வரை, துவைத்துப் போட்ட சட்டை மாதிரி இடுப்புக் கயிற்றில் தொங்கியிருக்கிறார். இனி ஏறாதே என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு மறுவாரமே ஏறினார். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோய், எஞ்சின் போய்விட்டது என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

"நாலு மாசமா தரையில இருக்காரு. சத்தம் மட்டும் காதுல விழுந்துச்சு, நாளைக்கே ஏறிடுவாரு."

பொய்யாகவும் இருக்கலாம். ஓடாத மெஷினைத் தலையில் கட்ட இதைவிட நல்ல கதை யாருக்குக் கிடைக்கும்? ஒருவேளை இவள் அழுதிருந்தால் டிகிரி நிம்மதியாக எழுந்து போயிருப்பாள். அவள் அழவில்லை. வெங்காயம் விலை சொல்வதுபோல் சொன்னாள்.

எஞ்சின் பிடித்துவிடாமலிருக்க டிகிரி ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தது. எஞ்சினில் அழுத்தம் இருக்கிறது. சைலன்சரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பிஸ்டனைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. செயின் ஓடும் பள்ளமும் நேராக இருந்தது.

கண்ணால் பார்க்கக்கூடியதெல்லாம் சரி. ஆனால் ஓடுமா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். இறுக்கிய போல்ட்டையே திரும்ப இறுக்கினாள். வேண்டாம், கிளம்பிவிடு என்றது மனசு. கிளம்பிப் போய்? மறுபடியும் கிளை பொறுக்கவா? கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த மனிதர், தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார். "யாரும்மா?"

விற்பவளின் முகத்தில் ரத்தமே இல்லை. இதையெல்லாம் நடிக்க முடியாது.

"பழைய இரும்புக்குக் கேட்டு வந்தேன், அண்ணே. எடைக்கு."

சொல்லி முடித்த பிறகுதான், வாங்குவதென்று தான் முடிவெடுத்துவிட்டது டிகிரிக்கே தெரிந்தது.

அவர் மெஷின் பக்கத்தில் குந்தினார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்துப் பாத்துக்கறேன்."

யாரும் தடுப்பதற்குள் பாதத்தால் கைப்பிடியை மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். வறட்டுச் சத்தம். மறுபடி இழுத்தார். மறுபடியும் வறட்டுச் சத்தம்.

ஸ்விட்ச் அணைந்தே கிடந்தது. இருபது வருடம் பழகிய கட்டைவிரல் அந்தப் பக்கம் போகவே இல்லை. வியாதி ஞாபகத்தையும் தின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள் டிகிரி. காலையிலிருந்து யார்மீதென்று தெரியாமல் கொதித்துக்கொண்டிருந்த கோபம் சட்டென்று எங்கோ போய்விட்டது.

"செத்துதான் போச்சு" என்றார் மனைவியிடம். "எடுத்துட்டுப் போகட்டும் விடு."

விற்பவள் பணத்தை வாங்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது மூடப்படவில்லை.

அவரே மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். டிகிரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் இழுப்புல புடிக்கலேன்னு பயந்துடாதே, தங்கச்சி" என்றார், முடிச்சிடமே சொல்வதுபோல். "அஞ்சாவதுல புடிச்சுக்கும். நேத்து அவ கடைக்குப் போயிருந்தப்பகூட அஞ்சாவதுலதான் புடிச்சது."