பாதர் மறுத்த பெயர்

"அந்தப் பேர் வேண்டாம்" என்றார் பங்குத்தந்தை.

அனிஸ்ரனுக்கு முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த நிதர்சனா புருசனைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். உடையார்கட்டில் இருந்து சனம் வரப்போகிறது. ஆட்டிறைச்சிக்கும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் பெயரில் வந்து நிற்கிறது வில்லங்கம்.

"ஏன் பாதர்? முன்னுக்குப் புனிதரின்ர பேரும் வைக்கிறம்தானே. அந்தோனி ஆழியன்."

"அந்தோனி நல்ல பேர். ஆழியன் வேண்டாம்."

"போன மாசம் ஒரு பிள்ளைக்கு அந்தோனி ஜனகன் எண்டு வைச்சனீங்கள்."

"அது வேற."

"ஆழியன் எண்டால் கடலுக்குரியவன் பாதர். கடல்தொழில் செய்யிறவன்ர பிள்ளைக்கு இதைவிட என்ன பேர் வேணும்?"

"அது எங்க இருந்து எடுத்த பேர் எண்டு எனக்குத் தெரியும்."

ஊருக்கே தெரியும். ஓவியர் வினோதன் மாதாமாதம் கீறுகிற படக்கதையின் நாயகன்தான் ஆழியன். அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் அனிஸ்ரனுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. ஒருநாள் பூசைக்குள், பாட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்து வாசித்துப் பாதரின் கண்ணிலும் பட்டுவிட்டான். அடுத்த பிரசங்கம் முழுக்கப் படப்புத்தகத்துக்குத்தான் அடி. அந்தக் கோபத்தை இப்போது பிள்ளையின் தலையில் இறக்குகிறார் என்று அனிஸ்ரன் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

"நீங்கள் அதை ஒருக்காத் திறந்து பார்த்திருந்தால் இப்பிடிக் கதைக்க மாட்டியள் பாதர். மற்ற ஆக்கள் கடல் கீறினால் சீப்புப் பல்லு மாதிரி அலை கீறுவினம். வினோதன் கீறின கடலைப் பார்த்தால், சோளகக் காத்தோ வாடைக் காத்தோ எண்டு எங்களால சொல்லேலும்."

பாதர் மேசையில் கிடந்த ஞானஸ்நானப் பதிவேட்டை மூடி வைத்தார்.

"ஒரு படத்தில ஆழியன் முதுகைக் காட்டிக்கொண்டு கரையில நிக்கிறான். முகமே இல்லை. ஆனால் அழுறான் எண்டு தெரியுது. அப்பாவைப் புதைச்ச அண்டைக்கு நானும் அப்பிடித்தான் நிண்டனான். அந்தப் படத்தைப் பார்த்த உடன நினைச்சனான், ஆம்பிளைப் பிள்ளை பிறந்தால் இந்தப் பேர்தான் எண்டு."

"விளங்குது, அனிஸ்ரன்."

"அவன் நல்லவன் பாதர். கதையில ஒரு வருசமா ஆரோ ஒருத்தன் இரவில ஊர்ச் சனத்தின்ர வலையளை அறுக்கிறான். ஆழியன்தான் நித்திரை இல்லாமல் அந்தக் கள்ளனைத் தேடித் திரியிறான். இந்த மாசம் பிடிச்சிடுவான். ஞாயிறு கழிஞ்சு, செவ்வாய்க்கிழமை புதுக்குடியிருப்புக் கடைக்குப் புத்தகம் வருது."

பாதர் எழும்பிப் போய் யன்னல் பக்கம் நின்றார்.

"ஞானஸ்நானத்தை ஒரு கிழமை தள்ளி வையும். அதுக்குப் பிறகும் இதே பேர் வேணும் எண்டால் நான் வைக்கிறன்."

"ஒரு கிழமையில என்ன மாறப்போகுது?"

"யோசிச்சுப் பாரும்."

"காரணத்தைச் சொல்லுங்கோ, யோசிக்கிறன்."

"சொல்லேலாது."

அனிஸ்ரன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஏழை பாழையளுக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நிதர்சனா எழும்பவில்லை. அவளுக்குப் படக்கதையில் அக்கறை இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அவன் ஏணை ஆட்டுவதைத் தினமும் பார்க்கிறவள்.

"இவர் கோவத்தில கதைச்சிட்டார் பாதர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் அந்தப் பேரில அவருக்கு உயிர். உங்களுக்குப் படப்புத்தகம் பிடிக்காது எண்டதுக்காக அவற்ற ஆசையில மண் போடாதேங்கோ."

பாதர் யன்னலால் எட்டிப் பார்த்தார். அனிஸ்ரன் மோட்டார் சைக்கிளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். பாதர் யன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார்.

"பிள்ளை, நீர் அந்தக் கதை வாசிக்கிறனீரோ?"

"இல்லை பாதர்."

"ஒருநாளும்?"

"இவனை வைச்சுக்கொண்டு எனக்கு அதுக்கெங்க நேரம்?"

பாதருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சந்தா கட்டி எடுக்கிறனான். கடைக்கு வர முதலே எனக்குத் தபாலில வந்திடும். இந்த மாசத்துப் புத்தகம் நேற்று வந்தது."

"நீங்களோ பாதர்?"

"கடைசிப் பக்கத்தில வினோதன் முகம் ஒண்டும் கீறேல்லை. வலையை அறுக்கிற கையை மட்டும் கீறி விட்டிருக்கிறார். என்ன கீறல் பிள்ளை அது! இத்தனை மாசமாப் பார்த்துப் பழகின கை. கண்ட உடன எனக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுது. இரவு சாப்பாடு இறங்கேல்லை."

"ஆர் பாதர்?"

"ஆழியன்தான்."

அவள் மடியில் நித்திரையாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். இந்தக் கரையில் ஆளைக் குத்தினவனைக்கூட ஒருநாள் மன்னிப்பார்கள். அடுத்தவன் வலையை அறுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். அந்தப் பெயரோடு பிள்ளை எப்படி ஒரு வள்ளத்தில் ஏறுவான்?

"ஐயோ பாதர், இதை இவரிட்டயே சொல்லியிருக்கலாமே. இனி உங்களைப் பற்றி ஊர் முழுக்கக் கூடாமல் கதைச்சுக்கொண்டு திரியப்போறார்."

"திரியட்டும், செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே" என்றார் பாதர். "ஒரு வருசமாக் காத்திருக்கிற மனிசனுக்குக் கடைசிப் பக்கத்தை முதலே சொல்லுறது பாவம், பிள்ளை."